கல்லீரல் ரத்தப் பரிசோதனை சொல்வது என்ன, சொல்லாதது என்ன? பாறசாலை வழக்கு நினைவூட்டும் மருத்துவ உண்மைகள்

திருவனந்தபுரம்: கேரள மாநிலத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் 'எல்.எஃப்.டி.' என்ற மூன்றெழுத்துச் சொல் அறியாதவர்கள் குறைவு. காய்ச்சல் சில நாட்கள் நீடித்தாலோ, கண்கள் மஞ்சளானாலோ, காசநோய் மருந்து தொடங்கப்பட்டாலோ மருத்துவர்கள் முதலில் எழுதித் தரும் பரிசோதனைகளில் ஒன்று அது. ஆயினும் பரிசோதனை நிலையம் தரும் அறிக்கையில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்பது பலருக்கும் புரியாத புதிராகவே உள்ளது. தடித்த எழுத்தில் அச்சிடப்பட்ட ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுவோரும், 'எல்லாம் நார்மல்' என்ற ஒரு சொல்லை நம்பி அறிகுறிகளைப் புறக்கணிப்போரும் உண்டு.

இந்த இரண்டாவது தவறு எத்தகைய விளைவை ஏற்படுத்தக்கூடும் என்பதை, நாடு முழுவதும் கவனத்தை ஈர்த்த ஷாரோன் ராஜ் கொலை வழக்கின் மருத்துவப் பின்னணி எடுத்துக்காட்டுகிறது.

வழக்கின் பின்னணி

பாறசாலையை அடுத்த முறியங்கரையைச் சேர்ந்த 23 வயது கதிரியக்கவியல் மாணவர் ஷாரோன் ராஜ், 2022 அக்டோபர் 14 அன்று, எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டம் ராமவர்மன்சிறையில் உள்ள தோழி கிரீஷ்மாவின் வீட்டுக்குச் சென்றார். அங்கு அவருக்கு வழங்கப்பட்ட கஷாயத்தில் களைக்கொல்லி கலக்கப்பட்டிருந்தது. கடும் வாந்தியுடன் வீடு திரும்பிய அவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் பெரிய மாறுபாடு தென்படவில்லை என்றும், சில நாட்களுக்குள் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டது தெரியவந்தது என்றும் அப்போது செய்திகள் வெளியாகின. பல உறுப்புகள் செயலிழந்த நிலையில், திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அக்டோபர் 25 அன்று அவர் உயிரிழந்தார்.

இவ்வழக்கை விசாரித்த நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம், 2025 ஜனவரி 17 அன்று கிரீஷ்மாவைக் குற்றவாளி என அறிவித்து, ஜனவரி 20 அன்று மரண தண்டனை விதித்தது. சாட்சியங்களை அழித்த குற்றத்துக்காக அவரது தாய்மாமனுக்கு மூன்று ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; தாயார் விடுவிக்கப்பட்டார். மரண தண்டனை உயர் நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு முன்னரே, பாராசிட்டமால் மாத்திரைகளைக் கரைத்த பழச்சாற்றைக் கொடுத்து ஒரு முயற்சி நடந்ததாகவும், கசப்பின் காரணமாக ஷாரோன் அதனைத் துப்பிவிட்டதாகவும் அரசுத் தரப்பு தெரிவித்திருந்தது. களைக்கொல்லி, பாராசிட்டமால் ஆகிய இரண்டுமே கல்லீரலைத் தாக்குபவை. ஆனால் தாக்கும் விதமும், ரத்தத்தில் அது வெளிப்படும் காலமும் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, முதலில் பரிசோதனையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நொதி என்பது என்ன?

கல்லீரல் உயிரணுக்களுக்குள் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள் அல்லது என்சைம்கள் எனப்படுகின்றன. இவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஏ.எல்.டி. எனப்படும் எஸ்.ஜி.பி.டி.; மற்றொன்று, ஏ.எஸ்.டி. எனப்படும் எஸ்.ஜி.ஓ.டி. பரிசோதனை நிலையங்கள் இன்றும் பழைய பெயரையும் புதிய பெயரையும் மாறி மாறிப் பயன்படுத்துவதால், இவை நான்கு தனித்தனிப் பரிசோதனைகள் எனச் சிலர் எண்ணிவிடுகின்றனர்.

இயல்பான நிலையில் இந்நொதிகள் உயிரணுக்களுக்கு உள்ளேயே இருக்கும். பழைய உயிரணுக்கள் அழிந்து புதியவை உருவாகும்போது மிகச் சிறிய அளவு மட்டுமே ரத்தத்தில் கலக்கும். உயிரணுச் சவ்வு சேதமடையும்போது அவை வெளியே கசிகின்றன. ரத்தத்தில் அளவு உயர்கிறது. அதாவது, நொதியின் உயர்வு கல்லீரல் காயமடைந்துள்ளது என்பதற்கான அடையாளம். கல்லீரல் எவ்வளவு திறம்பட வேலை செய்கிறது என்பதை அது அளப்பதில்லை. 'கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை' என்ற பெயரே இவ்வகையில் ஓரளவு தவறான புரிதலுக்கு வழிவகுக்கிறது.

எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலில் காணப்படுகிறது. எஸ்.ஜி.ஓ.டி.யோ இதயம், தசைகள், சிறுநீரகம், மூளை, ரத்தச் சிவப்பணுக்கள் ஆகியவற்றிலும் உள்ளது. ஆகவே, எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் உயர்ந்திருந்தால் கல்லீரலைத் தவிர்த்து வேறு உறுப்புகளையும் மருத்துவர் கருத்தில் கொள்வார். முந்தைய நாள் கடுமையான உடல் உழைப்பில் ஈடுபட்டவர்களுக்கும், ரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் சிதைந்திருந்தாலும் இந்த எண் உயர்ந்து காணப்படலாம்.

அறிக்கையின் வரிகளை வாசிப்பது எப்படி?

கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் பொதுவாக மூன்று வகையான அளவீடுகள் இடம்பெறுகின்றன.

முதல் வகை, உயிரணுச் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. பெரும்பாலான பரிசோதனை நிலையங்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 40 யூனிட் வரை இயல்பான அளவாகக் குறிப்பிடுகின்றன. இந்த வரம்பு நிலையத்துக்கு நிலையம் மாறுபடும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, எஸ்.ஜி.பி.டி.க்கான உண்மையான இயல்பு வரம்பு ஆண்களுக்கு 29 முதல் 33 வரையும், பெண்களுக்கு 19 முதல் 25 வரையும் எனக் குறைத்து நிர்ணயித்தது.

இரண்டாம் வகை, பித்தநீர்ப் பாதையில் ஏற்படும் அடைப்பைச் சுட்டும் அல்கலைன் பாஸ்படேஸ், காமா ஜி.டி. ஆகியவை. அல்கலைன் பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வருவதால், வளரும் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். காமா ஜி.டி.யும் சேர்ந்து உயர்ந்திருந்தால், பிரச்சினை கல்லீரல் அல்லது பித்தப் பாதையில் இருப்பதாகக் கருதலாம்.

மூன்றாம் வகையே கல்லீரலின் உண்மையான வேலைத்திறனைக் காட்டுவது. கழிவுப் பொருளான பிலிரூபினைக் கல்லீரல் வெளியேற்றுகிறதா, அல்புமின் என்ற புரதத்தைத் தேவையான அளவு உற்பத்தி செய்கிறதா, ரத்தம் உறைவதற்கான காரணிகளைத் தயாரிக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு இவை விடையளிக்கின்றன. மொத்த பிலிரூபின் பொதுவாக டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்குள் இருக்கும்; இது 2.5 முதல் 3 வரை உயரும்போதுதான் கண்ணின் வெண்பகுதியில் மஞ்சள் நிறம் புலப்படத் தொடங்கும். அல்புமின் 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டும். அல்புமினின் அரை ஆயுள் சுமார் மூன்று வாரங்கள் என்பதால், திடீர்ப் பாதிப்பின் முதல் சில நாட்களில் அதன் அளவு குறையாது.

ரத்த உறைவுத் திறனை அளக்கும் 'ஐ.என்.ஆர்.' என்ற எண் பெரும்பாலான எல்.எஃப்.டி. அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை, மருத்துவர் தனியே எழுதித் தர வேண்டும். ஆனால் திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் மருத்துவர்கள் அதிகம் கவனிப்பது இந்த எண்ணையே. இயல்பாக 1-ஐ ஒட்டி இருக்கும் இது 1.5-ஐத் தொட்டு, நோயாளிக்கு மனக்குழப்பமும் ஏற்பட்டால் அது அவசர நிலை.

எவ்வளவு உயர்ந்தால் என்ன பொருள்?

எண்ணின் அளவு காரணத்தைப் பற்றிய ஒரு குறிப்பை அளிக்கிறது. இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு வரையிலான உயர்வுக்குக் கொழுப்புக் கல்லீரல், மது, சில மருந்துகள் ஆகியவை பொதுவான காரணங்கள். கொழுப்புக் கல்லீரல் நோயை, தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் மத்திய அரசு 2021-இல் இணைத்தது. மது தொடர்பான பாதிப்பில் எஸ்.ஜி.ஓ.டி.யின் அளவு எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரு மடங்குக்கு மேல் இருப்பது வழக்கம்.

எண் ஆயிரத்தைத் தாண்டினால் காரணங்களின் பட்டியல் சுருங்கிவிடுகிறது. ஹெபடைடிஸ் ஏ, இ போன்ற வைரஸ் தொற்று, மருந்து அல்லது நச்சு, கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் திடீரெனக் குறைதல் ஆகியவற்றை மருத்துவர்கள் முதலில் ஐயுறுவர்.

வயல்களும் ஓடைகளும் நிறைந்த இந்த எல்லைப் பகுதியில் கவனத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு நோய் எலிக்காய்ச்சல். இந்நோய் தீவிரமாகும்போது பிலிரூபின் மிக அதிகமாக உயர்ந்தாலும் நொதிகள் மிதமாகவே உயரும். கூடவே சிறுநீரகமும் பாதிக்கப்படும். நொதியின் எண்ணை மட்டும் பார்ப்பவர் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிட வாய்ப்புண்டு. தேங்கிய நீரிலோ சேற்றிலோ வேலை செய்தவர், அதனை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

இயல்பான முதல் அறிக்கை ஏன் போதாது?

ஷாரோன் வழக்கு எழுப்பும் முக்கிய மருத்துவக் கேள்வி இதுவே. நச்சு உடலுக்குள் சென்ற உடனேயே ரத்தத்தில் நொதிகள் உயர்ந்துவிடுவதில்லை. உயிரணுக்கள் சேதமடைந்து, நொதிகள் கசிந்து, அளவிடக்கூடிய நிலையை எட்டக் காலம் தேவைப்படுகிறது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, அளவுக்கு மீறிய பாராசிட்டமால். உரிய அளவில் உட்கொள்ளும்போது இது பாதுகாப்பான மருந்து. கல்லீரல் இதனைச் சிதைக்கும்போது உருவாகும் சிறிதளவு நச்சுப்பொருளை, குளுட்டாதயோன் என்ற பொருள் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அளவு மீறும்போது குளுட்டாதயோன் இருப்பு தீர்ந்து, நச்சுப்பொருள் கல்லீரல் உயிரணுக்களைத் தாக்குகிறது. முதல் 24 மணி நேரத்தில் குமட்டல், வாந்தி தவிர வேறு அறிகுறிகள் இல்லாமலும் இருக்கலாம். நொதிகளும் இயல்பாக இருக்கலாம். அதன் பின்னரே அவை உயரத் தொடங்கி, மூன்றாம் அல்லது நான்காம் நாளில் உச்சத்தை அடைகின்றன. சில நேர்வுகளில் எண் பத்தாயிரத்தையும் தாண்டுவதுண்டு.

ஆனால் இதற்கான முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் மிகச் சிறந்த பலனைத் தருவது முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கப்படும்போதுதான். அதாவது, கல்லீரல் பரிசோதனை மாறுதலைக் காட்டும் வரை காத்திருந்தால் சிகிச்சைக்கான பொன்னான நேரம் கடந்துவிடும். ஆகவே மருத்துவர்கள் நொதிகளுக்காகக் காத்திருக்காமல், ரத்தத்தில் உள்ள பாராசிட்டமால் அளவையும், மருந்து உட்கொள்ளப்பட்ட நேரத்தையும் கொண்டு முடிவெடுக்கின்றனர். அந்த நேரத்தையும் விவரத்தையும் நோயாளியோ உறவினரோ மட்டுமே கூற முடியும்.

களைக்கொல்லியின் வழி வேறு

ஷாரோனின் உயிரைப் பறித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி, கல்லீரலுடன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கக்கூடியது. வாய், தொண்டைப் புண்கள், வாந்தி ஆகியவை தொடக்க அறிகுறிகள். அடுத்த சில நாட்களில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும், பிலிரூபினும், நொதிகளும் உயர்கின்றன. நுரையீரல் பாதிப்பு பின்னர் தீவிரமடைகிறது. இதற்கென உறுதியான முறிவு மருந்து இதுவரை இல்லை என்பதால், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது.

இங்கு இன்னோர் உண்மையும் கவனிக்கத்தக்கது. எல்.எஃப்.டி. பரிசோதனை கல்லீரல் காயமடைந்ததைக் கூறுமேயன்றி, காயப்படுத்தியது எது என்பதைக் கூறாது. வைரஸா, மாத்திரையா, மூலிகையா, பூச்சிமருந்தா என்பதை அறியத் தனிப் பரிசோதனைகள் தேவை. பாராகுவாட்டைப் பொறுத்தவரை, சிறுநீரில் சோடியம் டைதயோனைட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, நீல நிறம் தோன்றுகிறதா எனப் பார்க்கும் எளிய பரிசோதனை உண்டு. ஆனால் களைக்கொல்லி என்ற ஐயம் எழுந்தால் மட்டுமே அப்பரிசோதனை செய்யப்படும். கஷாயம் அருந்திய விவரத்தை ஷாரோன் தொடக்கத்தில் குடும்பத்தினரிடம் வெளிப்படுத்தவில்லை என்று வெளியான செய்திகளை இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேரள அரசு 2011-ஆம் ஆண்டு பாராகுவாட் உள்ளிட்ட பல பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்குத் தடை விதித்தது. எனினும் தேசிய அளவில் அது பதிவு பெற்ற களைக்கொல்லியாகவே நீடிக்கிறது. களியக்காவிளையைக் கடந்தால் மற்றொரு மாநிலம் என்ற நிலையில், ஒரு பக்கத்தில் தடை செய்யப்பட்ட பொருள் மறுபக்கத்தில் கிடைப்பது இந்த எல்லைக் கிராமங்களின் யதார்த்தம். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென்வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டு, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தபோது நிர்வாக எல்லை வரையப்பட்டது. உறவுகளும் வேலையும் சிகிச்சையும் இன்றும் அந்த எல்லையின் இருபுறமும் பரவியே உள்ளன.

இதனால் நோயாளியின் ஒரு பரிசோதனை அறிக்கை மார்த்தாண்டத்திலும், அடுத்தது நெய்யாற்றின்கரையிலும், மற்றொன்று திருவனந்தபுரத்திலும் இருப்பது அரிதல்ல. ஒரே நிலையத்தில் தொடர்ந்து பரிசோதிப்பது ஒப்பிடுவதற்கு வசதியானது. அது இயலாதபோது, பழைய அறிக்கைகள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்வது நலம்.

எண் குறைவது எப்போதும் நற்செய்தியா?

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒருவரது எஸ்.ஜி.பி.டி. முதல் நாள் 38. மூன்றாம் நாள் 4,200. ஐந்தாம் நாள் 900. கடைசி எண்ணைக் கண்ட உறவினர்கள் நிம்மதி அடையக்கூடும். பிலிரூபினும் ஐ.என்.ஆரும் சேர்ந்து குறைந்து, நோயாளி தெளிவாகப் பேசினால் அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் நொதி குறையும் அதே வேளையில் ஐ.என்.ஆர். உயர்ந்துகொண்டே சென்றால் பொருள் தலைகீழாகிறது. கசிவதற்கு உயிரணுக்களே மீதமில்லாததால் நொதி குறைந்திருக்கலாம். அது கல்லீரல் செயலிழப்பின் அபாய அறிகுறி.

நாட்பட்ட நோயிலும் இதே போன்ற ஏமாற்றம் உண்டு. கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய சிரோசிஸ் நோயாளிகள் சிலருக்கு நொதிகள் முற்றிலும் இயல்பாகவே இருக்கும். அல்புமின் குறைவு, ரத்தத் தட்டணுக்கள் குறைவு, ஸ்கேன் முடிவுகள் ஆகியவையே அவர்களது நிலையைக் காட்டிக்கொடுக்கும்.

மறுபுறம், பிலிரூபின் மட்டும் சற்றே உயர்ந்து மற்ற அனைத்தும் இயல்பாக இருப்பவர்களில் பலருக்கு 'கில்பர்ட்' எனப்படும் தீங்கற்ற மரபியல் நிலையே காரணம். பட்டினி இருக்கும்போதும் காய்ச்சலின்போதும் அவர்களுக்கு அளவு சற்றுக் கூடும். இதற்குச் சிகிச்சை தேவையில்லை.

கஷாயமும் மாத்திரையும்

பாறசாலை வழக்கில் நச்சாக அமைந்தது கஷாயத்தில் கலக்கப்பட்ட களைக்கொல்லியே, கஷாயம் அன்று. எனினும், இயற்கையானது என்பதாலேயே எந்த மூலிகையும் கல்லீரலுக்குப் பாதுகாப்பானது என்று கருதுவதும் சரியன்று. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்காகச் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் ஆய்விதழில் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. விவாதம் எவ்வாறாயினும், உட்கொள்ளும் மூலிகை எதுவாயினும் மருத்துவரிடம் தெரிவிப்பதே பாதுகாப்பானது.

அலோபதி மருந்துகளும் விதிவிலக்கல்ல. காசநோய்க்கான ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகியவை சிலருக்கு நொதிகளை உயர்த்துகின்றன. அறிகுறிகளுடன் எஸ்.ஜி.பி.டி. இயல்பு வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறிகள் இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ மருந்தை இடைநிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். நோயாளி தாமாக நிறுத்துவது, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு வழிவகுக்கும்.

பாராசிட்டமாலைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். மது அருந்துவோர், கல்லீரல் நோயாளிகள், உடல் எடை குறைந்தோர் ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, வலி மாத்திரை என வெவ்வேறு பெயர்களில் வாங்கப்படும் மருந்துகள் பலவற்றில் இதுவே அடங்கியுள்ளதால், அறியாமலேயே அளவு மீறும் வாய்ப்பு உள்ளது. அட்டையின் பின்புறம் உள்ள மூலப்பெயரைப் பார்ப்பது அவசியம்.

பரிசோதனைக்குச் செல்வோர் கவனத்துக்கு

எல்.எஃப்.டி.க்கு மட்டும் எனில் பெரும்பாலும் வெறும் வயிறு கட்டாயமில்லை. சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளும் சேர்ந்திருந்தால் நிலையத்தின் அறிவுரையைப் பின்பற்ற வேண்டும். முந்தைய ஓரிரு நாட்களில் கடும் உடற்பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. உட்கொள்ளும் மருந்து, மூலிகை, மது பற்றிய விவரங்களை மறைக்காமல் கூற வேண்டும். சற்றே உயர்ந்த எண்ணுக்கு, மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் பரிசோதிப்பதே பெரும்பாலும் முதல் நடவடிக்கையாக இருக்கும்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர் நிறமாதல், மலம் வெளிறுதல், தொடர் வாந்தி, மனக்குழப்பம், பகலில் மிகுந்த உறக்கம், சிறுநீர் குறைதல், வாய்ப்புண்ணுடன் விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால், முதல் அறிக்கை இயல்பாக இருந்திருந்தாலும் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நச்சுப்பொருள் உட்சென்றதாக ஐயம் எழுந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைப்பதும், அந்தப் புட்டி அல்லது மாத்திரை அட்டையை உடன் எடுத்துச் செல்வதும் உயிர்காக்கும். புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லா 1800 116 117 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். மனவேதனையில் உள்ளவர்கள் டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும், கேரளத்தில் திஷா உதவி மையத்தின் 1056 என்ற எண்ணிலும் பேசலாம்.

ஒரு ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுக்கப்பட்ட அந்த நேரத்து நிலையை மட்டுமே பதிவு செய்கிறது. அடுத்த நாள் நிலை மாறலாம். நோயாளியின் அறிகுறிகள், அவர் உட்கொண்டவை பற்றிய முழு விவரம், அடுத்தடுத்த பரிசோதனைகள் ஆகிய மூன்றும் இணையும்போதே அந்த எண்களுக்கு முழுமையான பொருள் கிடைக்கிறது.

(இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. சிகிச்சை தொடர்பான முடிவுகளை மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே மேற்கொள்ள வேண்டும்.)